பங்களாவில் பூ வளர்த்தவர் புதியவரா?

கேள்வி:

வணக்கம் ஐயா. ஹற்றனுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன டவுன் எங்களுடையது. வாசகசாலைப் பொடியன்கள் நாங்கள் சேர்ந்து போன வருடம் சித்திரைப் புத்தாண்டு லீவில் டேலியா, ரோசா பூப்போட்டி ஒன்று வைத்தோம். சும்மா சந்தோஷத்துக்குத்தான். புதியவர் பிரிவு, பொதுப் பிரிவு என்று இரண்டு. இந்த வருடமும் வைக்கிறோம். விண்ணப்பம் எடுத்து முடிந்துவிட்டது, போட்டிக்கு இன்னும் இரண்டு கிழமைதான் இருக்கிறது. பக்கத்துத் தோட்டத்தில் துரை பங்களாவில் காலமெல்லாம் பூந்தோட்ட வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர், டேலியாவுக்குப் புதியவர் பிரிவில் பெயர் கொடுத்திருக்கிறார். குழுவில் ஒருவர் "சம்பளத்துக்குப் பூ வளர்த்தவர், இது பொழுதுபோக்குப் போட்டி, அவரை எந்தப் பிரிவிலும் எடுக்கக் கூடாது" என்கிறார். இன்னொருவர் "அவர் இதுவரை ஒரு போட்டியிலும் பெயர் கொடுத்ததில்லை, அவர் புதியவர்தான்" என்கிறார். இருவரும் இப்போது முகம் கொடுத்துப் பேசுவதில்லை. இதைவிட, போன வருடம் டேலியா புதியவர் பிரிவில் முதலாவது வந்த தங்கச்சி திரும்பவும் அதே பிரிவில் கேட்கிறார். லீக்ஸ் பயிரிடுகிற அண்ணன் ஒருவரும், நாற்றுமேடை வைத்திருப்பவரின் தங்கை ஒருவரும் புதியவர் பிரிவில் இருக்கிறார்கள். யார் புதியவர், யார் இல்லை? படிவத்தின் படத்தையும் அனுப்புகிறேன்.

பதில்:

தம்பி, படிவத்தையும் சேர்த்து அனுப்பியது நல்லதாகப் போயிற்று. பாதிப் பதில் அதிலேயே இருக்கிறது. மூன்றாவது கேள்வியைப் பாருங்கள்: "இதற்கு முன் இந்தப் பூவுக்கான போட்டி எதிலாவது முதற் பரிசு பெற்றுள்ளீரா?" அதற்குக் கீழே, "இல்லை என்பவர்கள் புதியவர் பிரிவில் சேரலாம்" என்று நீங்களே அச்சடித்திருக்கிறீர்கள். பெரியவர் "இல்லை" என்று போட்டிருக்கிறார். அது உண்மை. அவர் பெயரில் ஒரு சேர்டிபிக்கட் கூடக் கிடையாது. ஆகவே இந்த வருடம், உங்கள் சொந்த விதியின்படி, அவர் புதியவர். அவரை நீக்கவும் முடியாது, அவரைக் கேட்காமல் பொதுப் பிரிவுக்கு மாற்றவும் முடியாது. விண்ணப்பம் எடுத்து முடிந்த பிறகு ஒரு ஆளைப் பார்த்து விதியை மாற்றினால், அடுத்த வருடம் உங்கள் படிவத்தை யாரும் நம்பி நிரப்பமாட்டார்கள்.

அவர் ஏதோ தந்திரம் பண்ணி உள்ளே வந்துவிட்டார் என்ற மாதிரி குழுவில் யாராவது பேசினால், முதலில் அந்தப் பேச்சை நிறுத்துங்கள். கேட்ட கேள்விக்கு அவர் நேராகப் பதில் சொல்லியிருக்கிறார். கேள்வி எழுதியவருக்குத்தான் இப்படி ஒரு ஆள் ஊரில் இருக்கிறார் என்ற நினைவு வரவில்லை.

சரி, விதிப்படி அவர் புதியவர். உண்மையில் புதியவரா என்று கேட்டால், இல்லை. இது என் தீர்க்கமான அபிப்பிராயம். இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பியதால்தான் உங்கள் குழு இரண்டாகப் பிரிந்து நிற்கிறது.

முதற் பரிசு வாங்காதவர் புதியவர் என்ற விதி நல்ல விதிதான். இங்கிலாந்தின் கிராமத்துப் பூக்கண்காட்சிகளில் புதியவர் என்றால் பெரும்பாலும் இதுதான் கணக்கு: அந்த வகையில் இதுவரை முதற் பரிசு எடுக்காதவர். குதிரைப் பந்தயத்திலும் இதே முறை. ஏப்ரல் சீசனில் நுவரெலியா ரேஸ் கோர்ஸ் பக்கம் போய் நிற்பவர்களுக்கு "மெய்டன்" என்ற சொல் பழக்கமாக இருக்கும். இன்னும் ஒரு பந்தயமும் வெல்லாத குதிரை. பத்துத் தடவை ஓடிப் பத்துத் தடவையும் இரண்டாவதாக வந்தாலும் அது மெய்டன்தான். ஒருவருக்கு எவ்வளவு தெரியும் என்று யாரும் அளக்க வேண்டியதில்லை, பரிசுப் பதிவைத் திறந்து பார்த்தால் முடிந்தது. அந்த வசதிக்காகத்தான் எல்லோரும் இந்த விதியைப் பிடித்துக்கொள்கிறார்கள்.

ஆனால் அது பதிவில் உள்ள பெயரை மட்டும்தான் பார்க்கும். குதிரை இன்னொரு குதிரையின் பெயரில் ஓட முடியாது. பூ அப்படியில்லை, யாரோ வளர்த்த பூ யாருடைய பெயரிலும் மேசைக்கு வரலாம். விவசாயப் போதனாசிரியராக இருந்த காலத்தில் நடுவராகப் போன இடங்களில் இதை நிறையவே பார்த்திருக்கிறேன். பூவுக்கு முன்னால் இருக்கிற அட்டையில் தோட்டத்தின் பெயரும் துரையின் பெயரும் இருக்கும். கோப்பை வாங்குவது துரை அல்லது துரைசாணி. விடியக்காலையில் பூவை ஈரச் சாக்கில் சுற்றி, லொறியில் மடிமேல் வைத்துக்கொண்டு, ஒரு இதழ் மடங்காமல் கொண்டுவந்து இறக்கியவர் பின்னால் எங்கேயோ நிற்பார். பழைய காலத்து இங்கிலாந்துக் கண்காட்சிகளில் பரிசுப் பட்டியலிலாவது "இன்ன பிரபுவின் தோட்டக்காரர் இன்னார்" என்று அச்சடிப்பார்கள். பிரபுவின் பெயர் பெரிதாக இருந்தாலும் தோட்டக்காரரின் பெயரும் பக்கத்தில் இருக்கும். நான் பார்த்த அட்டைகளில் அதுவும் இல்லை. உங்கள் பெரியவர் முதற் பரிசு வாங்கவில்லை என்பது எந்த அளவுக்கு உண்மை என்று இப்போது விளங்கும்.

இனி சம்பளக் கதை. "கூலிக்குச் செய்தவர் பொழுதுபோக்குப் போட்டிக்கு ஆகாது" என்று சொல்பவர் அதைத் தானாக யோசித்துத்தான் சொல்லியிருப்பார். ஆனால் அது அவருக்கு முன்னால் வேறு ஆட்கள் போட்ட சட்டம். இங்கிலாந்தில் ஹென்லி என்ற இடத்தில் பெரிய படகோட்டப் போட்டி நடக்கும். 1879இல் அவர்கள் எழுதிய விதியில், கைத்தொழிலாளியாகவோ கூலிக்காரராகவோ சம்பளத்துக்கு வேலை செய்த எவரும் அமெச்சூர், அதாவது காசுக்கில்லாமல் விருப்பத்துக்காகப் போட்டியிடுபவர், ஆகமாட்டார் என்று இருந்தது. படகு சம்பந்தமான வேலைதான் செய்திருக்க வேண்டும் என்றுகூட இல்லை, உடம்பால் உழைத்தாலே போதும். 1920இல் அமெரிக்காவிலிருந்து ஜோன் கெல்லி என்பவர் பெயர் கொடுத்தார். செங்கல் அடுக்கும் கொத்தனாராக வேலை பார்த்தவர். அவருடைய படகுக் கழகத்தின்மேல் ஹென்லிக்காரர்களுக்கு ஒரு பழைய கோபமும் இருந்தது. இரண்டையும் வைத்து அவரைச் சேர்க்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அதே வருடம் அன்ட்வேர்ப் ஒலிம்பிக்கில், ஹென்லியில் அந்த முறை வென்ற ஜாக் பெரஸ்போர்டையே தோற்கடித்துக் கெல்லி தங்கம் எடுத்தார். 1937இல்தான் அந்த வாசகத்தை ஹென்லியில் எடுத்தார்கள். 1947இல் கெல்லியின் மகன் போய் அதே போட்டியில் வென்றார்.

நம் ஆட்களுக்கு இந்த விதி யாரை வெளியே வைக்க எழுதப்பட்டது என்று விளக்கத் தேவையில்லை. லயத்துக்காரன் பூ வளர்த்தால் வேலை, பங்களாக்காரர் வளர்த்தால் பொழுதுபோக்கு என்று ஆகிவிடும். உங்கள் வாசகசாலையில் அந்த விதி வேண்டாம். ஓய்வு பெற்ற பிறகு தன் வீட்டு முற்றத்தில், தன் காசில் கிழங்கு வாங்கி நட்டவருக்கு அது பொழுதுபோக்கு இல்லையென்றால் வேறு என்ன? அவருக்குப் பொதுப் பிரிவு எந்த நேரமும் திறந்திருக்க வேண்டும்.

அப்படியானால் புதியவர் பிரிவு ஏன் அவருக்குப் பொருந்தாது? இதற்கு மேசைக்குக் கிட்ட வந்து பார்க்க வேண்டும்.

டேலியாவை வீட்டில் வைத்திருக்கிற அநேகம் பேர் அதைப் பூக்க விடுவார்கள், அவ்வளவுதான். மெக்சிகோ மலையில் பிறந்த செடி, நம் மலைக் குளிர் அதற்குச் சரியாகப் பிடிக்கும். லயத்து வாசலில் நட்டுவிட்டு மறந்தாலும் பூக்கும். போட்டிப் பூ வேறு. ஏப்ரலுக்குப் பூ வேண்டுமென்றால் ஜனவரியிலேயே கிழங்கு மண்ணுக்குள் இருக்க வேண்டும். நுவரெலியாப் பக்கம் உறைபனி விழுகிறதும் அந்த நாட்களில்தான், ஆகவே முளைக்கு இரவில் சாக்குப் போட்டு மூடி காலையில் எடுக்க வேண்டும். மூன்று நாலு சோடி இலை வந்ததும் நுனியைக் கிள்ள வேண்டும். முதல் தடவை வளர்ப்பவருக்குக் கை நடுங்கும், நன்றாக வருகிற செடியை யார் கிள்ளுவார்? பெரிய பூ வகையென்றால் நாலைந்து கிளைக்கு மேல் விடக் கூடாது. பிறகு மொட்டு. ஒவ்வொரு நுனியிலும் மூன்று மொட்டு வரும். நடுவில் இருப்பதை விட்டுவிட்டு இரண்டு பக்கத்து மொட்டையும் பட்டாணி அளவில் இருக்கும்போதே எடுத்துவிட வேண்டும். தாமதித்தால் தண்டில் தழும்பு நிற்கும், பூவும் ஒரு பக்கம் திரும்பிவிடும். அதற்குக் கீழே வருகிற பக்கக் குருத்துகளையும் எடுத்தால்தான் தண்டு நீளமாக, நேராக வரும். வெயிலில் நிறம் வெளுக்காமல் பழைய குடை கட்டுவார்கள். வெட்டுவது விடியலில் அல்லது பொழுது சாய்ந்த பிறகு. வெட்டியதும் கழுத்தளவு தண்ணீரில், இருட்டான குளிர்ந்த அறையில் இரவு முழுக்க நிற்க வேண்டும். இதில் எதையும் புத்தகத்தில் படித்துவிட்டு முதல் வருடமே சரியாகச் செய்துவிட முடியாது.

நடுவர் பூவைத் திருப்பி முதுகைத்தான் முதலில் பார்ப்பார். பின் வரிசை இதழ் வாடிச் சுருண்டிருந்தால் அது இரண்டு நாள் பிந்தி வெட்டிய பூ. புதியவர்கள் எல்லோரும் இதில்தான் விழுவார்கள். வீட்டில் இருப்பதிலேயே பெரிய பூவைப் பார்த்து வெட்டிக் கொண்டுவருவார்கள். அது முற்றிப்போய், நடுவில் மஞ்சள் கண் திறந்திருக்கும். மத்தியானத்தில் வெட்டியிருப்பார்கள், மேசைக்கு வரும்போதே தலை தொங்கும். தண்டு குட்டையாக இருக்கும், பக்க மொட்டு ஒன்று ஒட்டிக்கொண்டு நிற்கும், அது அழகு என்று விட்டிருப்பார்கள். உண்மையில் வீட்டு வாசலில் அது அழகுதான். பங்களாவில் வேலை பார்த்தவரின் பூ தண்டிலிருந்து ஒரு சாய்வில் நிமிர்ந்து நம்மைப் பார்க்கும், நடு இறுக மூடியிருக்கும், பின்னிதழ் நேற்று விரிந்த மாதிரி இருக்கும். இரண்டையும் ஒரே மேசையில் வைத்தால் நடுவருக்கு ஒரு நிமிட வேலை கூட இல்லை.

புதியவர் பிரிவு எதற்கு? முதல் தடவை பூவைக் கொண்டுவருகிறவர், தன்னைப் போன்ற இன்னொருவரின் பூவுக்குப் பக்கத்தில் தன் பூவைப் பார்த்துவிட்டு, அடுத்த வருடமும் வர வேண்டும். அதற்காகத்தான். அவர் பக்கத்தில் முப்பது நாற்பது வருடக் கைப்பழக்கம் வந்து நின்றால் அந்தக் காரியம் கெட்டுவிடும். பெரியவருக்கும் அதில் பெருமை இல்லை. பொடியன்களோடு ஓடி முதலாவது வந்து அவருக்கு என்ன கிடைக்கப் போகிறது, ஒரு மண்வெட்டி?

எனவே, போய்ப் பேசுங்கள். நீங்களும் அவருக்காக வாதாடியவரும் போங்கள், எதிர்த்தவரைக் கூட்டிக்கொண்டு போக வேண்டாம். கடிதம், தொலைபேசி எதுவும் வேண்டாம், நேரே வீட்டுக்குப் போங்கள். முதலில் அவருடைய பூவைப் பார்த்துவிட்டு, அப்புறம் விஷயத்துக்கு வாருங்கள். "உங்கள் பெயர் பிழையான இடத்தில் இருக்கிறது" என்று ஆரம்பித்தால் காரியம் கெட்டது. "படிவத்தில் நாங்கள் கேட்டது சரியில்லை ஐயா. உங்கள் அனுபவத்துக்குப் பொதுப் பிரிவுதான் பொருத்தம் என்று நினைக்கிறோம். அங்கே வைப்பீர்களா? முடிவு உங்களுடையது" என்று சொல்லுங்கள். கடைசி வார்த்தையை மறக்காமல் சொல்லுங்கள், அதை மனதாரவும் சொல்லுங்கள்.

அவர் சம்மதிப்பார் என்றுதான் நினைக்கிறேன். சில பேருக்கு பிரிவு என்றால் என்ன என்றே யாரும் விளக்கியிருக்கமாட்டார்கள், "முதல் தடவையா? இங்கே கையெழுத்துப் போடுங்கள்" என்று யாராவது சொல்லியிருப்பார்கள். அவர் மாட்டேன் என்றால், விட்டுவிடுங்கள். புதியவர் பிரிவிலேயே வைக்கட்டும். வென்றால் முணுமுணுக்காமல் பரிசைக் கொடுங்கள். அப்படி நடந்தால், மற்றப் புதியவர்களுக்கு ஊக்கப் பரிசு ஒன்றிரண்டு கூடுதலாக வைத்துக்கொள்ளலாம். விண்ணப்பம் எடுத்து முடிந்த பிறகு பரிசைக் கூட்டலாம், அதனால் யாருக்கும் எதுவும் குறையாது. ஆட்களைக் குறைப்பதுதான் கூடாது.

ஒரு யோசனை உங்கள் குழுவில் கட்டாயம் வரும், வந்துவிட்டதோ தெரியாது: "அவரை நடுவராக்கிவிடுவோம், மரியாதையும் ஆச்சு, பிரச்சினையும் தீர்ந்தது." கேட்க நன்றாக இருக்கும். ஆனால் அது மாலை போட்டு வெளியே அனுப்புகிற வேலை. காலமெல்லாம் அவர் வளர்த்த பூ வேறு பெயரில் நின்றது. இப்போதுதான் தன் பெயரில் ஒன்று வைக்கிறேன் என்று வந்திருக்கிறார். அவர் கேட்டது போட்டியிட ஒரு இடம். நடுவராக இன்னொரு வருடம் கேட்டுக்கொள்ளலாம், அவருக்கு விருப்பம் இருந்தால். போட்டிக்கு முதல் நாள் பின்னேரம் பூ வெட்டுகிறது, தண்ணீரில் வைக்கிறது எப்படி என்று புதியவர்களுக்கு ஒரு மணி நேரம் காட்டித் தருவாரா என்று கேட்பது வேறு. அதைச் செய்துவிட்டு அவர் போட்டியிலும் இருக்கலாம்.

இனி மற்றவர்கள். இவர்களைப் பற்றி நீங்கள் கவலைப்படுகிற அளவுக்கு ஒன்றும் இல்லை.

போன வருடம் வென்ற தங்கச்சி டேலியாவில் இனிப் புதியவர் அல்ல. உங்கள் படிவமே அதைச் சொல்கிறது, நான் சொல்ல வேண்டியதில்லை. அவருக்கு ரோசா புதிது என்றால் ரோசாவில் புதியவராக வைக்கலாம். பூவுக்குப் பூ தனிக்கணக்கு. ஒரே ஒரு விஷயத்தைப் பாருங்கள்: போன வருடம் அந்தப் பிரிவில் எத்தனை பேர் பூ வைத்தார்கள்? இரண்டே பேர் என்றால் அந்த வெற்றியை ஒரு வெற்றியாக எடுத்து அவரை மேலே தள்ளுவது நியாயமில்லை. இந்த வருடம் அதற்கு வழியில்லை, படிவம் படிவம்தான். ஆனால் அடுத்த வருட விதியில் "குறைந்தது ஐந்து பேர் பங்குபற்றிய பிரிவில்" என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். இரண்டாம், மூன்றாம் பரிசு வாங்கியவர்கள் புதியவராகவே இருக்கட்டும்.

லீக்ஸ் அண்ணன் புதியவர்தான். விவசாயி என்பதால் அவருக்கு எல்லாம் தெரியும் என்று நினைப்பார்கள். மண் தெரியும், தண்ணீர் தெரியும், உண்மை. ஆனால் லீக்ஸுக்குப் போடுகிற மாதிரி கோழி எருவை டேலியாவுக்கு அள்ளிப் போட்டால் செடி இலையாக இலையாக வரும், தண்டு கொழகொழவென்று நிற்கும், பூ பிந்தும். அவருடைய பழக்கம் இந்த வருடம் அவருக்கே எதிராக வேலை செய்தாலும் செய்யும். தாராளமாக விடுங்கள்.

நாற்றுமேடைக்காரரின் தங்கை விஷயத்தில் ஆளைப் பார்க்க வேண்டாம், செடியைப் பாருங்கள். அண்ணன் வளர்த்துப் பூக்க வைத்த சாடியைப் போட்டிக்கு முதல் நாள் தூக்கிக்கொண்டு வந்தால் அது யாருடைய பூ? இந்த வருடம் உங்கள் படிவம் இதைக் கேட்கவில்லை, ஆகவே அவருடைய வார்த்தையை நம்பி விடுங்கள். அடுத்த வருடம் "செடி குறைந்தது மூன்று மாதம் போட்டியாளரின் பராமரிப்பில் இருந்திருக்க வேண்டும்" என்று போடுங்கள். பல நாட்டுக் கண்காட்சிகளில் சாடிச் செடிக்கு இப்படி ஒரு கால எல்லை வைப்பது வழக்கம். இதையே எல்லோருக்கும் வையுங்கள், கடையில் செடி வாங்கி வருகிறவர் யாராக இருந்தாலும் இதில் அடங்கிவிடுவார். வீட்டில் பெரியவர் வளர்க்க, பேரப்பிள்ளை பெயரில் வருகிற பூவும் அடங்கிவிடும்; பெரியவரின் பேரன் அடுத்த வருடம் புதியவர் பிரிவில் வரப் போகிறான் என்று எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது.

அடுத்த வருடப் படிவத்துக்கு வருவோம். "எத்தனை வருடமாகப் பூ வளர்க்கிறீர்கள்?" என்று கேட்கலாமா என்று உங்களில் யாராவது நிச்சயம் கேட்பார்கள். வேண்டாம். இருபது வருடமாக வாசலில் மூன்று ரோசாச் செடி வைத்திருக்கிற அக்கா ஒரு நாளும் போட்டிக்காக மொட்டுக் கிள்ளியதில்லை, அவர் புதியவர். இரண்டே வருடம் வளர்த்தாலும் நாலு கண்காட்சிக்குப் பூ கொண்டுபோனவர் புதியவர் இல்லை. வருடத்துக்கும் இதற்கும் சம்பந்தம் குறைவு. சதுரங்கத்தில் உலக சம்மேளனம் தரப்புள்ளி போடும்போது புதிய ஆட்டக்காரருக்கு வேறு கணக்கு வைத்திருக்கிறது. அவர் 30 ஆட்டம் ஆடி முடிக்கும்வரை புள்ளி வேகமாக ஏறி இறங்கும். அதில் எண்ணப்படுவது ஆடிய ஆட்டம். வீட்டில் பலகை எத்தனை வருடம் கிடந்தது என்று யாரும் கேட்பதில்லை.

"பூ வளர்ப்பது உங்கள் தொழிலா?" என்றும் கேட்க வேண்டாம். அந்தக் கேள்வி பங்களாவில் புல் வெட்டியவரையும், பூங்காவில் தண்ணீர் ஊற்றியவரையும் பிடிக்கும். சம்பளம் வாங்காமல் பத்துக் கண்காட்சிக்கு ரோசா தயார் செய்த துரைசாணியை விட்டுவிடும். நான் எழுதினால் இப்படி எழுதுவேன்: "உங்கள் பெயரிலோ வேறு யாருடைய பெயரிலோ, போட்டிக்கென்று இந்தப் பூவை வளர்த்துத் தயார் செய்த அனுபவம் உண்டா?" ஆம் என்பவர்கள் பொதுப் பிரிவு. சம்பளம் வாங்கினாரா இல்லையா என்பதே வராது. பெரியவருக்கும் இந்தக் கேள்வியில் ஒரு கௌரவம் இருக்கிறது, "வேறு யாருடைய பெயரிலோ" என்ற இடத்தில் அவர் "ஆம்" போடுவார். யாருடைய பெயரில் என்று எழுத ஒரு வரி இடம் விடுங்கள், விரும்பினால் எழுதட்டும்.

இதோடு முதற் பரிசுக் கேள்வி, மூன்று மாதக் கேள்வி. இந்த மூன்றும் போதும். நாலாவது, ஐந்தாவது என்று கூட்டிக்கொண்டே போனால் படிவத்தைப் பார்த்தே ஆட்கள் ஓடிவிடுவார்கள். நிரப்புகிறவரின் சொல்லை நம்புங்கள். சின்ன டவுன், யார் எந்த பங்களாவில் என்ன செய்தார் என்று எல்லோருக்கும் தெரியும், பொய் சொல்லி எவ்வளவு தூரம் போக முடியும்? சந்தேகம் வந்தால் அவரோடு பேசி, மேல் பிரிவுக்கு வரச் சொல்லிக் கேட்கலாம். கீழ்ப் பிரிவுக்கு இறக்குவது என்ற பேச்சே வேண்டாம், அது ஆளை அவமதிப்பது.

ஆட்சேபணைக்கும் ஒரு முறை வேண்டும். விண்ணப்பம் முடிந்து மூன்று நாளுக்குள், எழுத்தில், பெயரோடு. முடிவெடுப்பவர்கள் அந்தப் பிரிவில் பூ வைக்காதவர்களாக இருக்க வேண்டும். பெரியவரை எதிர்க்கிற உங்கள் குழு உறுப்பினரும் புதியவர் பிரிவில் டேலியா வைக்கிறாரா என்று நீங்கள் எழுதவில்லை. வைக்கிறார் என்றால், அவர் சொல்வது சரியோ பிழையோ, இந்த விஷயத்தில் அவர் ஒதுங்கி நிற்பதுதான் அழகு. இதை அவரிடம் தனியாகச் சொல்லுங்கள், கூட்டத்தில் வைத்துச் சொல்ல வேண்டாம். அவர் பக்கத்திலும் ஒரு நியாயம் இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பெரியவருக்குப் புதியவர் பிரிவு பொருந்தாது என்று அவர் கண்டது சரி, காரணம்தான் பிழை. இருவரும் பேசிக்கொள்ள அது ஒரு வழியாக இருக்கலாம்.

போட்டி நாளுக்கு இரண்டு விஷயம். அட்டையில் இலக்கம் மட்டும் இருக்கட்டும், நடுவர் பார்த்து முடித்த பிறகு பெயரைத் திருப்பி வையுங்கள். புதியவர் பிரிவில் நடுவர் ஒவ்வொரு பூவுக்கும் இரண்டு வரி எழுதித் தர வேண்டும்: "ஒரு நாள் முந்தி வெட்டியிருக்கலாம்", "பக்க மொட்டை எடுத்திருக்க வேண்டும்" என்ற மாதிரி. நடுவருக்கு இது கூடுதல் வேலை, முன்கூட்டியே சொல்லி வையுங்கள். பரிசு கிடைக்காதவர் கையில் அந்தத் துண்டு இருந்தால் அடுத்த வருடம் வருவார். ஏப்ரலில் பின்னேரம் இடி மழை வரும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, ஆகவே பூ வாங்குவதையும் தீர்ப்பையும் பகல் பன்னிரண்டு மணிக்குள் முடித்துவிடுங்கள்.

புதிய படிவத்தை அச்சுக்குக் கொடுப்பதற்கு முன் ஒரு பிரதி எனக்கு அனுப்புங்கள், பார்த்துத் தருகிறேன். பெரியவர் என்ன சொன்னார் என்பதையும் எழுதுங்கள்.